பிளாக் பாக்ஸின் ‘ரைட் ஆன் டைம்’ (1989): அந்தக் குரல் யாருடையது?

வட்டத்தட்டு எழுதியது:

போன வாரம் ‘லவ் சென்சேஷன்’ பாட்டை விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் முழுசாகக் கேட்டேன். 1980-ல் லொலீட்டா ஹாலோவே பாடியது. எழுதித் தயாரித்தவர் டான் ஹார்ட்மன், வெளியிட்டது நியூயார்க்கின் சால்சோல் கம்பெனி. முன்பாதி நல்ல டிஸ்கோ பாட்டு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டின் வரிகள் தீர்ந்த பிறகு அந்தம்மா தன் இஷ்டத்துக்குப் பாட ஆரம்பிக்கிறார். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். மெட்டை விட்டுவிட்டு, கோயில் திருவிழாவில் அருள் வந்தவர் மாதிரி, ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். தொண்டை கிழிகிறது, ஆனால் சுருதி அசையவில்லை.

அந்தக் கிழிசலை நான் ஏற்கெனவே நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஒன்பது வருஷம் கழித்து இத்தாலியில் மூன்று பேர் அந்தத் துண்டுகளை எடுத்து, ‘ஹவுஸ்’ என்ற கிளப் ஆட்ட இசையின் தாளத்தின் மேல் வைத்து, ஒரு பியானோவைச் சேர்த்து ‘ரைட் ஆன் டைம்’ செய்தார்கள். டானியலே டவோலி, மிர்கோ லிமோனி, வலேரியோ செம்ப்லிச்சி. குழுவின் பெயர் பிளாக் பாக்ஸ். பிரிட்டனில் 1989 செப்டம்பரில் முதலிடத்துக்கு வந்து ஆறு வாரம் நகரவில்லை. அந்த வருஷம் அங்கே அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான்.

ஹாலோவே பாடியது ‘ரைட் (right) ஆன் டைம்’, அதாவது சரியான நேரத்தில். இத்தாலிக்காரர்கள் காதில் அது சவாரியைக் குறிக்கும் ‘ரைட்’ (ride) ஆக விழுந்தது, அதையே தலைப்பாகவும் வைத்துவிட்டார்கள். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், அதனால் நமக்கு இது லேசில் பிடிபடாது. பாடிய சொல்லே சரியாகக் காதில் விழாமல் ஒரு குரலை எடுத்து உலகம் முழுக்க ஓடவிட்டிருக்கிறார்கள். இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்தப் பாட்டின் உயிர் முழுக்க ஹாலோவேயின் தொண்டையில் இருக்கிறது என்பது என் கட்சி. அட்டையில் அவர் பெயர் இல்லை. உங்கள் கருத்து என்ன?

---

நாலுக்குநாலு எழுதியது:

அண்ணே, நீங்க சொல்றதுல பாதிக்கு உடன்படுறேன். மீதிப் பாதிக்கு நான் மூணு இத்தாலிக்காரங்க பக்கம் நிக்கிறேன். நானும் ட்ராக் பண்றவன்.

‘லவ் சென்சேஷன்’ பெரிய பாட்டுதான். ஆனா 1989-ல அதை அப்படியே கிளப்ல போட்டா அது பழைய பாட்டு. கிக் டிரம் வேற, பேஸ் வேற, முழு ஆர்கெஸ்ட்ரா ஓடுது. இவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. எல்லாத்தையும் உரிச்சுட்டாங்க. நாலு அடியிலயும் கிக். அடிக்கும் அடிக்கும் நடுவுல ஹைஹேட். அதுக்கு மேல எதிரடியில விழுற பியானோ. அந்தப் பியானோ மெட்டு வாசிக்கலை, தாளம் வாசிக்குது. அந்த இடைவெளியில குரலை இறக்குறாங்க.

அன்னைக்கு சாம்பிளர்ல, அதாவது பதிவான ஒலித் துண்டை எடுத்து வாசிக்கிற கருவியில, நினைவகம் சில நொடிக்குத்தான் காணும். நீளமான பகுதியைத் தூக்கிப் போட முடியாது. எந்தத் துண்டு, எந்த அரை நொடி வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். வேகத்தைக் கூட்டினா சுருதியும் கூடவே ஏறிடும், அதனால பாட்டோட வேகத்தையும் குரலையும் ஒண்ணா யோசிக்கணும். அந்தத் துண்டைக் கீபோர்டுல ஏத்தி, ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டி, அதையே ஒரு தாளக் கருவி ஆக்கியிருக்காங்க. ஹாலோவே பாடும்போது அந்தச் சொல் வரியோட ஒரு பகுதியா வந்துது. இவங்க அதை ஆட வெச்சாங்க.

பெயர் போடாதது தப்பு, அதுல வாதமே இல்ல. ஆனா ‘உயிர் முழுக்க’ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன்.

---

பழையகேசட் எழுதியது:

இருவருக்கும் நடுவே ஒரு விஷயத்தை வைக்கிறேன். ஹாலோவேயின் குரலை வெட்டியவர்களில் இந்த இத்தாலியர்கள் முதல் ஆட்கள் இல்லை.

அவர் சிகாகோவில் 1946-ல் பிறந்தவர். தேவாலயப் பாட்டுதான் வளர்ப்பு. தாயாரின் பாடல் குழுவில் தொடங்கி, பிறகு ‘தி கேரவன்ஸ்’ என்ற பெயர்பெற்ற காஸ்பல் குழுவில் பாடினார். வரிகள் முடிந்த பிறகும் நிறுத்தாமல், சபை எழுந்து நிற்கும்வரை ஒரே சொற்றொடரை ஏற்றிக்கொண்டே போவது அந்த மரபில் சாதாரணம். வட்டத்தட்டு இருட்டில் கேட்டது அதைத்தான்.

1977-ல் ஃபிலடெல்ஃபியாவில் நார்மன் ஹாரிஸ் தயாரிப்பில் அவர் ‘ஹிட் அண்ட் ரன்’ பாடினார். அதை நீண்ட வடிவமாக மாற்ற சால்சோல் கம்பெனி வால்டர் கிப்பன்ஸ் என்ற நியூயார்க் டிஜேயிடம் கொடுத்தது. வெறும் இறுதி வடிவத்தை மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக இருக்கும் மூல நாடாவையே கொடுத்தது. ஒரு கிளப் டிஜேக்கு அப்படிக் கொடுப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். கிப்பன்ஸ் முன்பகுதி வரிகளில் பெரும்பகுதியைத் தூக்கி எறிந்தார். ஹாலோவே கடைசியில் மனம்போனபடி பாடிய பகுதியை வைத்து நிமிடக்கணக்கில் நீட்டினார். பாடலாசிரியர் எழுதியதைவிட அவர் அந்த நேரத்தில் வாயில் வந்ததைப் பாடியதுதான் ஆடுபவர்களுக்கு வேண்டும் என்று ஒரு டிஜேக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

பிளாக் பாக்ஸ் கை வைத்ததும் அதே மாதிரி ஒரு இடத்தில்தான். ஆனால் கிப்பன்ஸ் வெட்டிய தட்டில் லொலீட்டா ஹாலோவே என்று பெரிதாக அச்சிட்டிருந்தது.

இன்னொன்று. ஃப்ராங்கி நக்கிள்ஸ் 1977-லிருந்து சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ கிளப்பில் போட்டது சால்சோல் போன்ற கம்பெனிகளின் தட்டுகளைத்தான். ‘ஹவுஸ்’ என்ற பெயரே அந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஆக, ஹாலோவேயின் ஊரில், அவர் பாடியது போன்ற தட்டுகள் சுழன்ற இடத்தில் இந்த இசை பிறந்தது. அது கடல் தாண்டி இத்தாலிக்குப் போய், அவர் குரலையே எடுத்துக்கொண்டு, அவர் பெயரை விட்டுவிட்டு வந்தது.

---

கடல்வழி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதிறேல்லை. இந்தப் பாட்டெண்டபடியா எழுதுறன்.

நான் 89 மாசியில லண்டனுக்கு வந்தனான். அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. எம்25 நெடுஞ்சாலைக்குக் கிட்ட ஒரு பெற்றோல் ஷெட்டில இரவு வேலை. பத்து மணிக்குப் பிறகு கதவைப் பூட்டிப்போட்டு, கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தட்டால காசு வாங்கிறது. சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பிறகு காருகள் வரத் தொடங்கும். ஒண்டு ரெண்டில்லை, முப்பது நாப்பது. எண்ணெய் அடிக்க வந்த ஆக்கள் இல்லை. வெளியில ஒரு ரெலிபோன் பெட்டி இருந்தது, அதுக்கு முன்னால வரிசை. நோட்டைத் தந்து சில்லறை கேப்பினம். எனக்கு முதல் ஒண்டும் விளங்கேல்லை. பிறகு ஒரு பெடியன் சொன்னான், எங்க பார்ட்டி நடக்குதெண்டு கடைசி நேரத்தில ஒரு நம்பருக்கு அடிச்சாத்தான் சொல்லுவாங்களாம், பொலிசுக்கு முதலே தெரியக்கூடாதெண்டு. இடம் தெரிஞ்ச உடனே எல்லாக் காரும் ஒண்டாக் கிளம்பும்.

நிக்கிற நேரத்தில காருக் கதவைத் திறந்து விட்டிட்டு பாட்டைப் போடுவினம். அந்த ஆவணி, புரட்டாதி முழுக்க இந்தப் பாட்டுத்தான். கண்ணாடிக்கு இஞ்சால எனக்கு பேஸ் மட்டும்தான் கேக்கும், கண்ணாடி அதிரும். ஆனா அந்த மனிசியின்ர குரல் வரேக்க அது கண்ணாடியையும் துளைச்சுக்கொண்டு வரும். எனக்கு அப்ப இங்கிலீஷ் அரைகுறை. என்ன சொல்லுறா எண்டு தெரியாது. ஆரோ ஒராள் ஒரு பெரிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறுற மாதிரித்தான் எனக்குக் கேட்டது. நானும் அப்பிடித்தான் இருந்தனான். வீட்டில இருந்து நாலு மாசமாக் கடிதம் இல்லை.

ஆர் பாடினதெண்டு நான் யோசிச்சதே இல்லை. ரீவியில ஒரு வடிவான பிள்ளை பாடிக்கொண்டு நிண்டா, அவதான் எண்டு நினைச்சன். இண்டைக்கு இந்த இழையை வாசிக்கும் மட்டும் லொலீட்டா ஹாலோவே எண்ட பேரே எனக்குத் தெரியாது. முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேல.

---

தெற்குவாசல் எழுதியது:

கடல்வழி அண்ணன் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஒரு சந்தேகம். டிவியில் பாடிய பெண் யார்? மேடைக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஒருவரை நிறுத்தியதில் என்ன பெரிய குற்றம்? நமக்குப் பின்னணிப் பாட்டு பழகிப்போன விஷயம்தானே.

---

வட்டத்தட்டு எழுதியது:

கடல்வழி அண்ணே, நீங்கள் எழுதியதற்கு நன்றி. இந்த இழையைத் தொடங்கியதற்கு அது ஒன்றே போதும்.

தெற்குவாசல், அந்தப் பெண் கேத்ரின் குயினோல், மாடல். பிரிட்டனின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் அவர்தான் வாயசைத்தார், அட்டைப் படத்திலும் அவர்தான். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கூப்பிட்டார்கள், வந்து நின்றார். பின்னணிப் பாட்டில் பாடியவர் பெயர் தட்டில் இருக்கும், வானொலியில் அறிவிப்பாளர் சொல்வார், நாமும் பாடகர் பெயரைச் சொல்லித்தான் பாட்டைத் தேடுவோம். இங்கே பாடியவர் அந்தப் பெண்தான் என்று பார்ப்பவர்களை நம்ப வைத்தார்கள். கடல்வழி அண்ணனே நம்பியிருக்கிறார்.

ஹாலோவே கோபத்தை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே பேசினார். பாட்டு முதலிடத்தில் இருக்கும்போதே சால்சோல் தரப்பிலிருந்து வழக்கு மிரட்டல் வந்தது. பிறகு சமரசம் ஆகி, ஹாலோவேக்கும் ஒரு தொகை போனது. எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை.

இதற்கிடையில் பிளாக் பாக்ஸ் தரப்பு இன்னொரு காரியம் செய்தது. ஹாலோவேயின் குரலை நீக்கிவிட்டு, அதே இடங்களை வேறொரு பாடகியைப் பாட வைத்து, அந்த வடிவத்தை விற்பனைக்கு விட்டது. பெயர் அதேதான், பியானோவும் அதேதான். பாடியவர் மட்டும் மாறிவிட்டார், இந்தத் தடவையும் பெயர் போடவில்லை. அந்தப் பாடகி ஹீதர் ஸ்மால். பின்னால் எம் பீப்பிள் குழுவின் குரலாகப் பிரிட்டன் முழுக்கத் தெரிந்தவர். அன்றைக்கு அவரை அதிகம் பேருக்குத் தெரியாது.

---

நாலுக்குநாலு எழுதியது:

> சால்சோல் தரப்பிலிருந்து வழக்கு மிரட்டல் வந்தது

இதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும்ணே. ஒரு பாட்டுல ரெண்டு சொத்து இருக்கு. மெட்டும் வரியும் ஒண்ணு, அது ஹார்ட்மனோடது. பதிவு ஆன ஒலி இன்னொண்ணு, அது கம்பெனியோடது. சாம்பிள் பண்ணினா ரெண்டு பேர்கிட்டயும் அனுமதி வாங்கணும். அதனாலதான் இந்தப் பாட்டோட எழுத்தாளர் பட்டியல்ல இப்ப ஹார்ட்மன் பேரும் சேர்ந்து வருது.

பாடினவங்களுக்கு? ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான். அவங்க எழுதலை, பதிவும் அவங்களோடது இல்ல. நீங்க இருட்டுல கேட்டு நிமிர்ந்து உக்காந்தீங்களே, அந்தப் பகுதியை யாரும் எழுதிக் கொடுக்கலை, அவங்க அங்கேயே நின்னு உருவாக்கினது. ஆனா காகிதப்படி அதுல அவங்களுக்குத் தனியா ஒரு பங்கும் கிடையாது.

அதுவும் இல்லாம 89-ல சாம்பிள் விஷயத்துல யாருக்கும் தெளிவு கிடையாது. அமெரிக்காவுல, அனுமதி இல்லாம சாம்பிள் பண்ணின ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்குல தீர்ப்பு வந்தது 1991 டிசம்பர்ல. அதுக்கப்புறம்தான் கம்பெனிங்க பயந்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி கேக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி எடு, வெட்டு, போடு, பிரச்சனை வந்தா பாத்துக்கலாம்னுதான் பாதிப் பேர் இருந்தாங்க.

ஹீதர் ஸ்மால் விஷயம் எனக்கும் உறுத்துது. சட்டப்படி பாத்தா அது சரியான தீர்வு. மெட்டுக்குப் பணம் கட்டிட்டு பதிவைத் தொடாம விட்டா போதும், கம்பெனியால ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா பேர் இல்லாத ஒரு குரலை மறைக்க, பேர் இல்லாத இன்னொரு குரலைக் கொண்டு வந்தாங்க.

---

மெல்லிசை எழுதியது:

நான் கோரஸ் பாடுகிறவள். பதினாறு வருஷமாக. இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விளம்பரப் பாட்டுக்கு மாதிரிக் குரல் பாடிக் கொடுக்கச் சொன்னார்கள். “இது ட்ராக்தான், அப்புறம் பெரிய பாடகி வந்து பாடுவாங்க” என்றார்கள். முக்கால் மணி நேரம் பாடினேன், ஆட்டோவுக்கும் சேர்த்து ஒரு தொகை கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் டிவியில் அது ஓடியது. என் குரல். மூச்சு எடுக்கும் இடத்தில் நான் சின்னதாக ஒரு தவறு செய்திருந்தேன், அதுகூட அப்படியே இருந்தது. பக்கத்தில் இருந்த சித்தியிடம், “இது நான் பாடினது” என்றேன். “அப்படியா, பேர் வரலையேம்மா” என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் இந்தக் கதையில் மார்த்தா வாஷ் என் மனசில் ஒட்டிக்கொண்டார். ‘ரைட் ஆன் டைம்’ ஜெயித்த பிறகு பிளாக் பாக்ஸ் முழு ஆல்பம் செய்தது, ‘ட்ரீம்லேண்ட்’, 1990. அதில் ‘எவ்ரிபடி எவ்ரிபடி’, ‘ஸ்ட்ரைக் இட் அப்’ உட்படப் பெரும்பாலான பாட்டுகளைப் பாடியவர் அவர். வேறு பாடகிகளுக்காக மாதிரி பாடுவதாக நினைத்து, ஒரு தடவைக்கான கூலி வாங்கிக்கொண்டு பாடியிருக்கிறார். அட்டையில் திரும்பவும் அந்த மாடல்தான். அமெரிக்காவில் அந்த இரண்டு பாட்டும் எட்டாவது இடம் வரை போயின. அதே காலத்தில் சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் ‘கானா மேக் யூ ஸ்வெட்’ வந்தது. ‘எவ்ரிபடி டான்ஸ் நவ்’ என்று எல்லாருக்கும் தெரிந்த அந்த அலறலும் வாஷ்தான். 1991-ல் அமெரிக்காவில் முதலிடம். வீடியோவில் வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ்.

இத்தனைக்கும் வாஷ் தெரியாத ஆள் இல்லை. டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டருக்குப் பின்னால் பாடியவர், ‘இட்ஸ் ரெயினிங் மென்’ பாடிய இருவரில் ஒருவர். உடம்பு பெருத்தவர் என்பதால் காமிராவுக்கு முன் நிறுத்தவில்லை. மழுப்பாமல் சொன்னால் காரணம் அதுதான்.

அவர் இரண்டு தரப்பு மேலும் வழக்குப் போட்டார், இரண்டும் சமரசத்தில் முடிந்தன. பிளாக் பாக்ஸை அமெரிக்காவில் வெளியிட்ட ஆர்சிஏ கம்பெனி அவரைத் தனிப் பாடகியாகவே ஒப்பந்தம் செய்தது. சி அண்ட் சி விஷயத்தில், வீடியோ ஓடும்போது குரல் மார்த்தா வாஷ், தோற்றம் ஸெல்மா டேவிஸ் என்று தனித்தனியாகக் காட்டும்படி சோனி கம்பெனியே எம்டிவியிடம் கேட்டது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும். தோற்றம் என்று தனியாக ஒரு வரி போட வேண்டிய அளவுக்கு அவர் சண்டை போட்டிருக்கிறார்.

நான் சண்டை போடவில்லை. அடுத்த வேலை வராதே என்று பயந்தேன்.

---

தெற்குவாசல் எழுதியது:

மெல்லிசை அக்கா, என் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முகம் மட்டும்தான் பிரச்சனை என்று நினைத்துவிட்டேன்.

---

பழையகேசட் எழுதியது:

அந்தக் கால ஆடல் வட்டாரம் இந்தப் பாட்டை எப்படி எடுத்துக்கொண்டது என்பதையும் பேசிவிடலாம். வெறும் தரவரிசையை வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும்.

பிரிட்டனில் 1988 கோடையில் ஆசிட் ஹவுஸ் வெடித்தது. பெரும்பாலும் சிகாகோ தட்டுகள், இறுக்கமான, சுழன்று சுழன்று வரும் மின்னொலி. 1989-ல் இத்தாலியிலிருந்து வேறொரு அலை வந்தது. பியானோ, பெரிய குரல், வெளிப்படையான சந்தோஷம். 49எர்ஸின் ‘டச் மீ’, ஸ்டார்லைட்டின் ‘நூமெரோ ஊனோ’ எல்லாம் அந்த வருஷத்துச் சரக்கு. ‘கிராண்ட் பியானோ’ என்று மிக்ஸ்மாஸ்டர் பெயரில் வந்ததே, அதுவும் இந்த டவோலி கூட்டம் செய்ததுதான். ஒரே ஆட்கள் பத்துப் பெயரில் வெளியிடுவது அங்கே வழக்கம். குரலுக்குச் சொந்தப் பெயர் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அவர்கள் தங்கள் பெயரையே சரியாகப் போட்டுக்கொண்டதில்லை. அதை மன்னிப்பாகச் சொல்லவில்லை. பெயரை மறைப்பது அவர்களுக்கு விருப்பம், ஹாலோவேயை யாரும் கேட்கவில்லை.

மான்செஸ்டரின் ஹாசியெண்டா கிளப்பில் இந்தப் பியானோ தட்டுகளுக்குப் பெரிய வரவேற்பு. அங்கே டிஜேயாக இருந்த மைக் பிக்கரிங்தான், ‘ரைட் ஆன் டைம்’ பாட்டைப் பிரிட்டனில் வெளியிட்ட டீகன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனிக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் வேலையிலும் இருந்தார். எம் பீப்பிள் குழுவை உருவாக்கியவரும் அவரே. ஹீதர் ஸ்மால் அந்தக் குழுவுக்கு வந்த பாதை உங்களுக்கு இப்போது விளங்கும். 1994-ல் அந்தக் குழு, பிரிட்டனில் வருஷத்தின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி விருதை வாங்கியது. பெயரில்லாமல் பாடிய ஒருவருக்கு ஐந்தே வருஷத்தில் அது நடந்தது.

பாட்டு முதலிடத்துக்குப் போனதும் வட்டாரத்தில் முணுமுணுப்பு. நேற்றுவரை தேடிப் பிடித்த இறக்குமதித் தட்டு, இன்று சூப்பர்மார்க்கெட்டில் ஓடுகிறது. எந்தக் கிளப் பாட்டுக்கும் வருகிற கஷ்டம்தான் அது. ஆனால் அந்தப் பட்டியலை ஒரு தரம் பாருங்கள். அதற்கு முன் முதலிடத்தில் இருந்தது ஜைவ் பன்னி, அதற்குப் பின் வந்ததும் ஜைவ் பன்னி. பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளை ஒட்டுப்போட்ட கதம்பங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே ஆறு வாரம் ஒரு சிகாகோ பெண்ணின் தேவாலயக் குரல் பிரிட்டனின் ஒவ்வொரு வானொலியிலும் ஒலித்தது.

---

கடல்வழி எழுதியது:

நான் அந்தத் தட்டு வாங்கினனான். 12 அங்குலம். அந்த வருச நத்தாருக்கு முதல், சம்பளம் எடுத்த கையோட. தட்டுப்போட மெசினே அப்ப என்னட்ட இல்லை, சும்மா வாங்கி வச்சன். அது இன்னும் மேல் அறைப் பெட்டிக்க கிடக்கு.

அதில பாடுறது ஹாலோவேயோ, மற்றவவோ? எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

---

நாலுக்குநாலு எழுதியது:

காதை மட்டும் நம்பாதீங்கண்ணே, ரெண்டும் நெருக்கமா இருக்கும். அப்படி இருக்கணும்னுதானே திரும்பப் பாட வெச்சாங்க. ஸ்மால் குரல் எனக்குக் கொஞ்சம் தடிப்பா, வட்டமா கேக்கும். ஹாலோவே மேல ஏறும்போது ஓரம் பிசிறும். ஆனா இது என் காது, உங்களுக்கு வேற மாதிரி கேக்கலாம்.

நிச்சயமாத் தெரியணும்னா ஒரு வழி இருக்கு. ‘லவ் சென்சேஷன்’ பாட்டையும் உங்க தட்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. ரெண்டுலயும் வர்ற ஒரே வரியைத் தேடி எடுத்து, வேகத்தைச் சரி பண்ணி, ஒண்ணு மேல ஒண்ணு வைங்க. அதே பதிவுல இருந்து எடுத்ததா இருந்தா குரல் நடுங்குற இடம், முடியுற இடம் எல்லாம் மயிரிழை பிசகாம உக்காரும். ஒரே ஆள் ரெண்டு தடவை பாடினாக்கூட அப்படி உக்காராது. வேற ஆள்னா அலைவடிவத்தைப் பாத்தாலே தெரிஞ்சிரும், எவ்வளவு இழுத்தாலும் ஒட்டாது.

கம்ப்யூட்டர்ல ஏத்த வசதி இல்லன்னா சொல்லுங்க, பதிவு பண்ணி அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்.

---

மெல்லிசை எழுதியது:

கடல்வழி அண்ணன் தட்டில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நானும் காத்திருக்கிறேன்.

நாலுக்குநாலு, உங்களிடம் ஒன்று. துண்டைத் தேர்ந்தெடுப்பது கலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அரை நொடி அங்கே இருக்க, ஒருத்தி சின்ன வயதிலிருந்து தேவாலயத்தில் நின்று பாடியிருக்க வேண்டும். நீங்கள் அடுத்த ட்ராக்கில் ஒரு குரலை எடுக்கும்போது அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பிறகு தேடலாம் என்றால் கிடைக்காது.

---

நாலுக்குநாலு எழுதியது:

என் ஹார்டு டிஸ்க்குல ‘பெண் குரல் 1’, ‘பெண் குரல் 2’ன்னு நாப்பது ஃபைல் இருக்கு அக்கா. யார் யார்னு இப்ப எனக்கே தெரியாது. இன்னைக்கு ராத்திரி உக்காந்து தேடறேன்.

---

வட்டத்தட்டு எழுதியது:

ஹாலோவே கதையில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. 1991-ல் மார்க்கி மார்க் அண்ட் தி ஃபங்கி பஞ்ச் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அதே ‘லவ் சென்சேஷன்’ குரல்தான். ஆனால் இந்தத் தடவை தலைப்பிலேயே லொலீட்டா ஹாலோவே பெயர். வீடியோவிலும் அவரே வந்து நின்று பாடினார். அது அமெரிக்காவின் முதன்மைத் தரவரிசையில் முதலிடம் போனது. 1980-ல் அவர் சொந்தப் பாட்டு அங்கே டிஸ்கோ பட்டியலில் முதலிடம் வந்திருந்தாலும் பொதுப் பட்டியலில் அந்த உயரத்தைத் தொட்டதே இல்லை. பதினோரு வருஷம் முன்னால் பாடிய பாட்டு, பெயரோடு, முகத்தோடு.

அந்த வீடியோவை நேற்றுப் பார்த்தேன். இளவட்டங்கள் குதித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் வந்து வாயைத் திறக்கிறார். இத்தனை வருஷம் அந்தக் குரலுக்கு நான் மனசில் வைத்திருந்த முகம் விலகி, அதன் சொந்த முகம் வந்து உட்கார்ந்தது.

ஹார்ட்மன் 1994-ல் போய்விட்டார். ஹாலோவே 2011 மார்ச்சில் காலமானார். இருவரும் சேர்ந்த இன்னொரு பாட்டு ‘ரீலைட் மை ஃபயர்’, 1979. ஹார்ட்மன் பாடிக்கொண்டே வருவார், பின்பாதியில் ஹாலோவே நுழைவார். கேட்காதவர்கள் கேளுங்கள். நுழையும் இடத்துக்கு முன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

---

கடல்வழி எழுதியது:

மன்னிக்கோணும், ஒரு கிழமையாப் போச்சு. மகளைக்கொண்டுதான் எல்லாம் செய்விச்சனான்.

பெட்டியைத் திறந்தா உறை ஈரத்தில ஒட்டியிருந்தது, ஒரு மூலை கிழிஞ்சு போச்சு. தட்டு நல்லா இருக்கு. இவ்வளவு காலமும் ஒரு தடவை கூட ஓடேல்லை, கீறல் எண்டு ஒண்டும் இல்லை. மகளின்ர சிநேகிதப் பிள்ளையிட்ட மெசின் இருந்தது, அதில போட்டுப் பதிஞ்சு, நாலுக்குநாலு தம்பி சொன்ன மாதிரி ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சுப் பாத்தம். வேகத்தைச் சரி பண்ணினாப் பிறகும் ஒட்டேல்லை. நாலு இடத்தில பாத்தம், நாலிலயும் ஒட்டேல்லை. தம்பிக்கும் அனுப்பினன், அவரும் அதைத்தான் சொன்னார். என்னட்ட இருக்கிறது ஹீதர் ஸ்மால்.

அப்ப நான் காசு குடுத்து வாங்கினது ஒராளின்ர குரல், கண்ணாடிக்குப் பின்னால இருந்து கேட்டது இன்னொராளின்ர குரலா இருக்கலாம். ஆவணியில கேட்டது ஹாலோவேயாத்தான் இருக்கும் எண்டு மகள் சொல்லுறா, மற்ற வடிவம் பிறகுதானே வந்தது எண்டு. புரட்டாதிக்குப் பிறகு வந்த காருகளில எது ஓடினதெண்டு சொல்ல ஏலாது.

மகள் ‘லவ் சென்சேஷன்’ பாட்டைக் கடைசி மட்டும் போட்டு விட்டவ. அந்தப் பின்பகுதி வந்த உடனே தெரிஞ்சிட்டுது. அந்தப் படி ஏறுற குரல்.